கான் என்று நான் எழுதிய வாய்க்கால்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும் அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த வீட்டுப் படமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. படத்தை உன் அம்மா மேசையில் விரித்து, மூலைக்கொரு கிண்ணமாக வைத்து, அன்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறை, இரண்டு படுக்கையறை, சமையலறைக்குப் புகைபோக்கி, பின்பக்கம் துணி துவைக்கக் கல் போட்ட இடம் என்று நீ எதையும் மறக்கவில்லை. கொழும்பில் யார் யாருக்கோ வீடு வரைந்து சம்பளம் வாங்கும் பிள்ளை எங்களுக்கும் ஒன்று வரைந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் காட்டிவிட்டும் வந்தாள். தையில் உன் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் பண்டாரவளையிலிருந்து இரண்டு தடவை ஆளனுப்பி, வீடு எங்கே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். நீ என்னிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு வேலை. ஹாலிஎலை வீதியோரம் உன் பெயரில் இருக்கும் அந்த வயலை நிரப்பி வீடு கட்ட அனுமதி கேட்டு நான் ஒரு மனு எழுத வேண்டும். "அப்பா எழுதினால் மறுக்கமாட்டார்கள்" என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கோபப்படுவதானால் முழுவதையும் படித்த பிறகு கோபப்படு.

நான் பகையை இலேசில் மறக்கிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். உன் சிறு வயது முழுக்கச் சோற்றோடு என் குறைகளையும் சேர்த்துத்தான் சாப்பிட்டாய். மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் பிறந்து, பதுளைக்கு வந்து, உறவினர் வீட்டு விறாந்தையில் படுத்துப் படித்து, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராகச் சேர்ந்தவன் நான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை நான் எழுதிக் கொடுத்த கடிதங்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போடுவார். எழுதியவனை ஒரு நாளாவது உட்காரச் சொன்னதில்லை. பதினொரு வருடம் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கப்பலேறிப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போதும் அவர் நினைவு வரும்போது என் கால்கள்தான் முதலில் வலிக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த தவறுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

காணியைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் போட்ட சட்டங்களை நான் படித்தது அந்தத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில்தான். தேயிலைத் தோட்டங்களைக் கண்டபடி துண்டு போட்டு விற்கக் கூடாது, அனுமதி இல்லாமல் செடியைப் பிடுங்கி வேறு காரியத்துக்கு நிலத்தைத் திருப்பக் கூடாது என்றெல்லாம் இருந்தது. ஒரு தடவை லயத்து ஆட்கள் சேர்ந்து, ஆற்றோரத்தில் விளைச்சல் குறைந்த மலையில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் சொந்தமாக வீடு கட்டிக்கொள்வோம் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். அது விவசாய நிலம், சட்டம் இடம் தராது என்று துரை ஆங்கிலத்தில் சொன்னார். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நின்ற ஆட்களுக்கு அதைத் தமிழில் சொன்னது நான். கூட்டத்திலிருந்து ஒரு கங்காணி, "ஐயா, செடிக்குச் செடி நாலடி வுட்டு நடுறாங்க. எங்களுக்குப் பத்தடி ரூமுல எட்டுப் பேரு. அடுத்த சென்மத்துல செடியாப் பொறந்தா வசதியா இருக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். பிறகு தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதே ஆற்றோர மலையைத் துண்டு துண்டாக அளந்து வெளியாட்களுக்குக் கொடுத்தார்கள். லயத்து ஆட்களுக்கு ஒரு துண்டும் இல்லை. எனக்கும் வேலை இல்லை, குவாட்டர்ஸ் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டியோடு நாம் பதுளைக்கு வந்த நாளில் உனக்கு மீசை அரும்பியிருந்தது, உனக்கே நினைவிருக்கும். காணிச் சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கசந்தது அந்த நாளிலிருந்துதான்.

பிழைப்புக்கு என்னிடம் இருந்தது எழுத்து ஒன்றுதான். அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு எதிரே, தேநீர்க் கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, பெட்டிசம் எழுத உட்கார்ந்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினேன். எந்த அதிகாரிக்கு எந்தச் சொல் பிடிக்கும், எங்கே கெஞ்ச வேண்டும், எங்கே சட்டத்தின் பிரிவைக் காட்டிக் கொஞ்சம் மிரட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒரு வருடத்துக்குள் அத்துப்படியாகிவிட்டது. நெல் வயலை அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது என்ற சட்டம் இறுக்கமானபோது என் மேசையில் கூட்டமும் கூடியது. பட்டணம் வீதி வழியே நீண்டுகொண்டிருந்தது. வீதியோரத்தில் மட்டமான நிலமெல்லாம் வயல். கடை கட்டவும் வீடு கட்டவும் ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் அந்தச் சட்டத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். வழி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. சில போகம் விதைக்காமல் போட்டுவிட வேண்டும், வாழை நட வேண்டும், தண்ணீர் இல்லாத காணி என்று மனுவில் காட்ட வேண்டும். அப்போது அதை வயல் என்று சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வீடு தராத சட்டத்தில் ஓட்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டை யாருக்காகப் போடுகிறேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் பலகையும் மரமும் விற்கும் மரக்காலை முதலாளி வந்தார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய், பருமனான ஆள், எப்போதும் சிரித்த முகம். என்னைத் தன் கடைக்கு அழைத்துப்போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க கிளாக்கர் ஐயா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. "ரோட்டோரம் ஒரு எடம் வச்சிருக்கேன். ஸ்டோர் ஒண்ணு கட்டணும். வயலாம், நிரப்ப வுடமாட்டாங்களாம். மூணு போகமா நான் ஒரு நாத்துக்கூட வைக்கல்ல, வாழதான் நிக்குது. வாழ நிக்கிற எடம் எப்படிங்க வயலாகும்?" என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றேன். "வாங்க, வாங்க. ஜீப்புலயே போவோம்" என்றார். அது ஆடி மாதம், ஊவாவில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் காலம். காணியின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது. அதில் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. சருகும் பாசியும்தான் மிதந்தன. "மழைத் தண்ணி போற கான்தானே?" என்று நான் கேட்டேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "என்னமோங்க, தண்ணி போற வழி. அதெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது இதுதான். என் அப்பா மடுல்சீமையில் கான் வெட்டிய ஆள். மலைச் சரிவில் பெய்யும் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல், செடிகளுக்கு நடுவே பள்ளம் வெட்டித் தண்ணீரைக் கீழே ஆற்றுக்குத் தள்ளிவிடுவதுதான் அவர் வேலை. அதற்குத்தான் கான் என்று பெயர். தோட்டத்தில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் வெளியேற்ற வேண்டிய ஒன்று. பள்ளத்தைக் கண்டால் அதன் வழியே தண்ணீர் எங்கேயோ போய்த் தொலைகிறது என்று நினைப்போமே தவிர, அது யாரையோ தேடிப் போகிறது என்று நினைக்கமாட்டோம். கிராமத்தில் பிறந்த ஒரு சிங்களப் பிள்ளையை அங்கே நிறுத்தியிருந்தால் அது வாய்க்கால் என்று உடனே சொல்லியிருக்கும். நான் ஷேக்ஸ்பியர் படித்தவன். அந்தப் பள்ளத்தின் வழியே நூறு கஜம் கீழே நடந்து பார்க்கவில்லை. ஜீப் காத்திருந்தது. அன்று மாலையே மனுவை எழுதினேன். காணியின் குறுக்கே கழிவு மழைநீர் செல்லும் கான் ஒன்று மாத்திரமே உண்டு, அதை மூடுவதால் எவருக்கும் இடையூறு இல்லை என்று எழுதினேன். நல்ல வாக்கியம். அனுமதி கிடைத்தது. சட்டம் வயலைக் காப்பதற்காகத்தான் போடப்பட்டது. ஆனால் வயல் கந்தோருக்கு வந்து நின்று பேசாது, என்னைப் போன்ற ஒருவன் எழுதிய தாள்தான் அதற்காகப் பேசும். இதை நீ உன் தொழிலிலும் மறக்காதே. நீ வரையும் கோட்டை நம்பித்தான் மற்றவர்கள் மண்ணை வெட்டுவார்கள்.

ஐப்பசியில் டிங்கிரி பண்டா என் மேசைக்கு வந்தார். முன்பு தோட்டத்து லயங்களுக்குக் காய்கறி கொண்டுவந்து விற்பாரே, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருவாரே, அவர்தான். லயத்தில் பழகிய தமிழ்தான் பேசுவார், ஐயா என்பதை மட்டும் சிங்களத்தில் மாத்தயா என்பார். "கிளாக் மாத்தயா, தண்ணி இல்ல. விதைக்கிற நேரம் தண்ணி இல்ல. மேல ஸ்டோர் கட்டுறவங்க வாய்க்கால மூடிட்டாங்க. நாலு வயலுக்கு அதான் தண்ணி. பெட்டிசம் ஒண்ணு எழுதணும்" என்றார். எந்த வாய்க்கால் என்று கேட்டேன். மேசையில் சிந்தியிருந்த தேநீரில் விரலால் கோடு இழுத்து, இங்கே ஓடை, இங்கே அணை, இங்கே மரக்காலை முதலாளியின் இடம், இங்கே தன் வயல், அதற்குக் கீழே தங்கையின் வயல், இன்னும் இரண்டு பேருடையது என்று காட்டினார். கோடு நேராக என் பக்கம் வந்து நின்றது. நான் எழுதியதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இதுவரை நான் செய்தது அறியாமையில் செய்த பிழை. இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல. அவர் கேட்டபடி வாய்க்கால் மூடப்பட்டது என்று எழுதினால், முன்பு அதைக் கான் என்று எழுதியது யார் என்ற கேள்வி வரும். என் பெயர் கெடும், மேசை காலியாகும். ஆகவே அவருக்காகவும் ஒரு மனு எழுதினேன், சிங்களத்தில், அழகாக. இப்போகத்தில் நீர்வரத்து சற்றுக் குறைந்திருப்பதாகவும், அதிகாரிகள் கருணையோடு கவனிக்க வேண்டும் என்றும் எழுதினேன். வாய்க்கால் என்ற சொல்லையே எழுதவில்லை. வாசித்துக் காட்டினேன். எழுத்து வாசனை இல்லாத அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஹொந்தய் மாத்தயா, ஹொந்தய்" என்றார். மிகவும் நல்லது என்று என்னைப் பாராட்டினார். அடுத்த வாரம் ஒரு பலாக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மனு கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

இரண்டு வருடம் பார்த்தார். பிறகு மகியங்கனைப் பக்கம் குடியேற்றத்தில் காணி கிடைக்கிறது என்று போக முடிவு செய்து, வயலை விற்க வந்தார். யாருக்கு விற்கலாம் என்று அவர் யோசித்தபோது அவர் மனதில் வந்தது நான்தான். "மாத்தயா எனக்காக எழுதுன ஆள். வேற யாருக்கும் குடுக்க மனசு இல்ல" என்றார். நான் வாங்கினேன். தண்ணீர் இல்லாத வயலுக்குக் கேட்கும் விலையைத்தான் அவர் கேட்டார். காணி உறுதிப் பத்திரத்தை உன் பெயரில் எழுதச் சொன்னேன். பிள்ளைக்கு அப்பன் வாங்கிக் கொடுக்கும் முதல் சொத்து என்று உன்னிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. அந்த உறுதியில் என் பெயரைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க லயம், குவாட்டர்ஸ், வாடகை அறை என்று இருந்தவன் முதன்முதலாகக் காலை ஊன்றிய மண் அது. அது எப்படிக் கிடைத்தது என்பதை இத்தனை நாளும் நான் மட்டுமே அறிவேன்.

உன் கடிதம் கிடைத்ததும் மனுவை எழுத உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. தண்ணீர் வசதி இல்லாத காணி என்ற இடம்வரை வந்தேன். முதலாளிக்கு எழுதிய அதே சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. தாளை எடுத்து வைத்துவிட்டு, வயலைப் பார்க்க நடந்தேன். நான் நாடாப் பிடித்து அளப்பதைக் கண்டு பண்டாவின் தங்கை கீழ் வயலிலிருந்து ஏறி வந்தாள். "வீடு கட்டவா மாத்தயா?" என்றாள். ஆமாம் என்றேன். "மேல மூடுன பிறகு, அண்ணன் வயல்ல விழுற மழத் தண்ணிதான் கசிஞ்சு எங்களுக்கு வருது. வருசத்துக்கு ஒரு போகம் அதுலதான் செய்யுறோம். நீங்களும் மண் போட்டா அதுவும் இல்ல. எழுதுறதுக்கு நாங்க ஒங்ககிட்டதான் வரணும். ஒங்கள எதிர்த்து எழுத யார்கிட்ட போறது?" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே வழி கேட்டாள். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து, எழுதப்போவதில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க. பெத்த புள்ளைக்கு எழுத மட்டும் கை கூசுதா?" என்றாள். நிரப்பினால் கீழே தண்ணீர் போகாது என்றேன். "மேல நிரப்புனவரு கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்து மாலையோட நிக்கிறாரு. நாம மட்டும் ஒழுகுற எடத்துக்கெல்லாம் சட்டி வச்சிக்கிட்டு வாடக வூட்டுல யோக்கியமா இருக்கணும், அப்படித்தானே?" என்றாள். அவள் கேட்டதில் என்ன தவறு? எனக்கும் அதே எரிச்சல்தான். அதற்கு மேல் மறைக்க முடியாமல், உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. "அந்தப் பலாக்கா கறிய எல்லாரும் ரெண்டு நாளு சாப்பிட்டோமே" என்றாள். எழுந்து போய் உன் படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். இன்றுவரை என்னோடு இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

நேற்று ஒரு வாக்குமூலம் எழுதி, கந்தோரில் என் கையாலேயே கொடுத்தேன். முதலாளியின் மனுவில் கான் என்று குறித்தது வாய்க்கால்தான், எழுதியவன் நானே, பண்டாவின் மனுவில் அதை மறைத்தவனும் நானே, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து வாய்க்காலைத் திறக்க உத்தரவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். முன்மேசையில் இருந்த எழுதுவினைஞர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "என்னாங்க ஐயா, ஒங்க பெட்டிசத்துக்கு எதிரா நீங்களே பெட்டிசமா? இனிமே ஒங்ககிட்ட யாரு எழுத வருவாங்க?" என்றார். அது என் கவலை, நீங்கள் முத்திரையைக் குத்துங்கள் என்றேன். குத்தினார். முதலாளிக்கும் சொல்லியனுப்பினேன். "சட்டப்படிதான் கேட்டேன். எழுதினது நீங்க" என்று பதில் வந்தது. அவரைத் திட்டலாம் என்று நெடுநேரம் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. என் பகைப் பட்டியலில் சேர்க்க முடியாமல் போன ஒரே ஆள் அவர்தான்.

சட்டத்தின் மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது என்று நினைக்காதே. வயலையும் செடியையும் காக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்தச் செடிக்கு நடுவே பத்தடி அறையில் கிடப்பவனைக் காக்கத் தெரியவில்லை. அந்தக் கணக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீயும் மறக்காதே. ஆனால் அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் இறக்கிய இடம் துரையின் பங்களா அல்ல, அரசாங்கத்தின் மேசையும் அல்ல. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நம் வாசலுக்கு வந்த ஒரு மனிதரின் வயலில் இறக்கினேன். கோபம் வரும்போது அது யார் தலையில் போய் விழுகிறது என்று நின்று பார்த்துவிட்டு இறக்கு. என்னிடமிருந்து உனக்கு அறிவுரை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போய்ப் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, இந்தத் தையில் வீடு இல்லை என்று நானே சொல்கிறேன். காரணத்தையும் சொல்கிறேன். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் மானாப்புல் மண்டிய ஒரு சரிவு விலைக்கு இருக்கிறது. கல் நிலம், ஒன்றும் விளையாது, எவருடைய தண்ணீரும் அதன் வழியே போகவில்லை. இந்தத் தடவை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டேன். நாம் இருவரும் முயன்றால் சில வருடத்தில் வாங்கலாம். உன் படத்தில் நிறையப் படிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வயல் உன் பெயரில் இருக்கிறது. முடிவும் உன்னுடையது. நீ நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தால் நான் வழியில் நிற்கமாட்டேன், மனுவை வேறு யாரிடமாவது எழுதிக்கொள். மூன்று பேர் இருக்கிறார்கள், பெயர்களையும் தருகிறேன். ஆனால் பதுளையில் என்னைவிட நன்றாகப் பெட்டிசம் எழுதக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது என் நெடுநாளைய கர்வம். அந்தக் கர்வம் பொய்யாகாமல் இருந்தால், நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்துக்கு முன்னால் அந்த மனு தள்ளுபடியாகும்.

உன் அப்பா